அல்லா ரக்கா வெறும் "ரவிசங்கரின் தபலாக்காரர்" தானா?

லயப்பித்தன் எழுதியது:

ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் காலமானபோது தமிழில் வந்த அஞ்சலிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நான் பார்த்த வரையில் அவருடைய அப்பா அல்லா ரக்காவுக்குக் கிடைத்தது ஒரே வரிதான். சிதார் ரவிசங்கருக்குத் தபலா வாசித்தவர், அவ்வளவுதான். எனக்கு இந்தப் பேச்சு ரொம்ப நாளாகவே ஒத்துவராது, அதனால்தான் இந்த இழை.

என் கட்சி இதுதான். வடக்கே தபலாக்காரர் என்றால் ஓரமாக உட்கார்ந்து டேக்கா, அதாவது தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டு, போட்டுக் கொடுக்கிற ஆள். பாடகர் விளம்பித ஏக்தாலில், அதாவது மெதுவான பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளத்தில், நிதானமாக ராகத்தை விரித்துக்கொண்டு போவார், இவர் அந்தப் பன்னிரண்டு மாத்திரையையே திரும்பத் திரும்ப, அசையாமல், கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். நம் மிருதங்கக்காரர் மாதிரி பாட்டோடு ஒட்டிப் போகிற சுதந்திரமும் கிடையாது, கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று எழுதப்படாத உரிமையும் கிடையாது. போதாக்குறைக்கு, தாசிகளின் ஆட்டத்துக்கு வாசித்த பரம்பரை என்று சாரங்கிக்காரரையும் தபலாக்காரரையும் ஒரு படி கீழேயே வைத்திருந்த காலம் அது. அங்கிருந்து, தபலா கேட்பதற்கென்றே ஜனம் டிக்கெட் வாங்குகிற நிலைமைக்கு வந்ததில் பெரிய பங்கு அல்லா ரக்காவுக்குத்தான் என்பேன். ரவிசங்கர் மேடை கொடுத்தார், மறுக்கவில்லை. மேடை கிடைத்த எல்லாருமா இதைச் செய்தார்கள்?

இத்தனைக்கும் அவர் வாத்தியக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. 1919 ஏப்ரல் 29, ஜம்மு பக்கம் பக்வால் என்ற கிராமம், நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பம். பன்னிரண்டு வயது வாக்கில் குர்தாஸ்பூரில் உறவினர் வீட்டில் இருந்தபோது தபலாச் சத்தத்தில் மயங்கி, வீட்டை விட்டு ஓடி, கடைசியில் பஞ்சாப் கரானாவின் (கரானா என்றால் வாசிப்புப் பரம்பரை) மியான் காதிர் பக்ஷிடம் போய்ச் சேர்ந்தார். கரானா என்பதே அப்பன், பிள்ளை, பேரன் என்று கைமாறுகிற சொத்து. வெளியாள் உள்ளே போய் நிற்பதே கஷ்டம், இவர் அந்த கரானாவின் முகமாகவே ஆகிவிட்டார். கூடவே பாட்டியாலா கரானாவின் ஆஷிக் அலி கானிடம் வாய்ப்பாட்டும் கற்றார். தபலாக்காரருக்கு ராகம் எதற்கு என்று கேட்கிற ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லாகூரில் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்து, அப்புறம் 1940ல் பம்பாய் வானொலியில் வேலை. அந்த நிலையத்தில் முதன்முதலாகத் தபலாவைத் தனியாக வாசித்தவர் அவர்தான் என்பார்கள். அப்போது வயது இருபத்தொன்று. ரவிசங்கரோடு அவர் உலகம் சுற்றியதெல்லாம் இதற்கு ரொம்பப் பிந்திய கதை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் சரி.


தனியாவர்த்தனம் எழுதியது:

சண்டைக்கு நான் வருகிறேன் லயப்பித்தன் சார். நான் மிருதங்கம் வாசிக்கிறவன், அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

முதல் விஷயம், அமெரிக்காவில் கைதட்டியது யார்? தாளம் பிடிக்கத் தெரியாத கூட்டம். வேகமாக வாசித்தால் தட்டினார்கள், வியர்வை சொட்டினால் தட்டினார்கள். 1971ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பங்களாதேஷ் நிதிக் கச்சேரி நடந்ததே, அங்கே ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததற்கே கைதட்டினார்கள். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்கிற மாதிரி ரவிசங்கர் மைக்கிலேயே சொன்னார். அந்தக் கூட்டத்தின் கைதட்டலை வைத்து ஒரு வித்வானை எடை போடலாமா?

இரண்டாவது, சவால் ஜவாப் என்று சிதாரும் தபலாவும் மாற்றி மாற்றி வாசிக்கிறார்களே, அதையும் தபலாவுக்குத் தனி நேரம் ஒதுக்குகிற பழக்கத்தையும் பார்த்து வடக்கே வாயைப் பிளந்தார்கள். எங்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. ரவிசங்கரே கர்நாடக சங்கீதத்திலிருந்து ராகமும் எடுத்தார், லயக் கணக்கும் எடுத்தார், அதை அவர் மறைத்ததும் இல்லை. அப்படியானால் பெருமை யாருக்கு?


ரேடியோகாரர் எழுதியது:

தம்பிகளா, நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஆளை மறந்துவிட்டீர்கள். ஏ. ஆர். குரேஷி.

பழைய இந்திப் பாட்டு கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1944ல் வந்த மா பாப், 1950ல் ஸபக், 1952ல் ராஜ் கபூரும் நர்கிஸும் அசோக் குமாரும் நடித்த பேவஃபா, இன்னும் சில. எல்லாவற்றிலும் இசை ஏ. ஆர். குரேஷி என்று போட்டிருக்கும். அது வேறு யாருமில்லை, அல்லா ரக்கா குரேஷிதான். சுத்த சாஸ்திரீய ஆட்கள் இந்தப் பகுதியைச் சொல்லும்போது ஏதோ பிழைப்புக்காகத் தவறான பாதையில் போன மாதிரி சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேவஃபாவில் தலத் மெஹ்மூத் பாடியதைக் கேளுங்கள், தாளம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு ஒதுங்கி நிற்கிறது. தபலாக்காரர் இசையமைத்த பாட்டில் தபலா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது! மெட்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அறிந்த ஆள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆஷிக் அலி கானிடம் பாட்டுக் கற்றது வீண் போகவில்லை.

அப்புறம் அந்தக் காலத்துக் கணக்கு ஒன்று. வானொலிச் சம்பளமும் கச்சேரிப் பணமும் வைத்து பம்பாயில் குடும்பம் நடத்த முடியாது. சினிமா ஸ்டுடியோ சோறு போட்டது. மாஹிமில் 1951 மார்ச் 9ல் ஜாகிர் பிறந்தபோதும் அவர் சினிமாவில்தான் இருந்தார். ஐம்பதுகளின் பிற்பாதியில்தான் படம் குறைந்து முழுக்கக் கச்சேரிக்கு வந்தார். அதாவது நாற்பது வயது வரைக்கும் அவர் உலகப் புகழ் தபலாக்காரர் எல்லாம் இல்லை.


பனாரஸ்பான் எழுதியது:

எல்லாரும் அல்லா ரக்கா கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்கிறீர்கள். கொஞ்சம் வரிசைப்படி வருவோம்.

மேற்கே தபலாவை முதலில் கொண்டுபோய் நிலைநிறுத்தியது சதுர் லால், உதய்ப்பூர்க்காரர். 1955ல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அழைப்பில் சரோத் வித்வான் அலி அக்பர் கான் நியூயார்க் போனபோது கூட வாசித்தவர் அவர். அந்தப் பயணத்தில் பதிவான இசைத்தட்டிலும் அவர்தான், அடுத்த வருஷம் லண்டனில் ரவிசங்கர் பதிவு செய்த முதல் நெடுந்தட்டிலும் அவர்தான். 1965ல் நாற்பது வயதிலேயே போய்விட்டார். இருந்திருந்தால் ரவிசங்கர் பக்கத்தில் மான்டரே இசை விழாவில் யார் உட்கார்ந்திருப்பார் என்று யாராவது யோசித்தீர்களா?

தனி வாசிப்பு என்று எடுத்தால் அஹமத் ஜான் திரக்வா. மொராதாபாத்தில் பிறந்து, பம்பாயில் முனீர் கானிடம் படித்து, பால கந்தர்வரின் மராத்தி நாடகக் கம்பெனியில் வாசித்து, ராம்பூர் நவாப் தர்பாரில் பல வருஷம் இருந்து, லக்னோவில் பேராசிரியராக இருந்தவர். அந்த ஆள் பேஷ்கார், அதாவது தனி வாசிப்பின் நிதானமான தொடக்கப் பகுதி, வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் அச்சில் வார்த்த மாதிரி விழும். அவசரமே கிடையாது. 1970ல் பத்ம பூஷண் கிடைத்தது. அல்லா ரக்காவுக்கு 1977ல் பத்மஸ்ரீயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சினிமாவா? ஷோலேயில் பசந்தியின் குதிரை வண்டியைக் கொள்ளையர் துரத்துகிற காட்சியில் வருகிற தபலா, எங்கள் பனாரஸ் சாம்தா பிரசாத். திறந்த கை, அடித்தால் கட்டடம் அதிரும்.

இவர்களை எல்லாம் தள்ளிவிட்டு ஒருவரே எல்லாம் செய்தார் என்றால் ஏற்க முடியாது.


லயப்பித்தன் எழுதியது:

பனாரஸ்பான், திரக்வா விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். அந்த நிதானம் வேறு யாருக்கும் வராது. சதுர் லால் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் அந்த ஐம்பதுகளின் தட்டுகளில் தபலா எங்கே இருக்கிறது? சிதார் அல்லது சரோதின் கத் (தாளத்தோடு வரும் பகுதி) ஆரம்பித்த பிறகு வருகிறது, கூடவே போகிறது, முடிகிறது.

இப்போது 1967 ஜூன், கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா. ஞாயிறு மதியம், ரவிசங்கர் குழுவுக்கென்றே ஒதுக்கிய நேரம். அதைத் தட்டாக வெளியிட்டபோது மூன்று துண்டு வைத்தார்கள். பீம்பலாசி ராகம், ஏக்தாலில் தபலா தனி, கடைசியில் ஒரு துன் (இலகுவான மெட்டு). நடுவில் இருப்பதைப் பாருங்கள். தபலா தனி என்று தலைப்போடு, தனி உருப்படியாக. 1969ல் வுட்ஸ்டாக் இசை விழா, முதல் நாள் இரவு, மழை. அந்தத் தட்டிலும் பூரியா தனாஸ்ரீக்கும் மாஞ்ச் கமாஜுக்கும் நடுவில் ஜப்தாலில் தபலா தனி. இது தற்செயல் இல்லை. தபலா என்பது ராகம் வாசிப்பவரின் நிழல் இல்லை, நடுவில் தனியாக நின்று பேசக்கூடியது என்று ஒரு வடிவத்தை இவர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். கச்சேரி கேட்காதவனும் தட்டு வாங்கி வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டான். கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் அப்படித்தான் இவர் பக்கம் வந்தார், அவர் வழியாக ஜாகிருக்கு இன்னொரு உலகமே திறந்தது.

தனியாவர்த்தனம் சார், கைதட்டியவர்களுக்குத் தாளம் தெரியாது, சரி. ஆனால் வாசித்தவர் அவர்களுக்காக எதையும் எளிமைப்படுத்தவில்லையே? ராக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் ஏக்தாலும் ஜப்தாலும் எடுத்திருக்கிறார். நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுகளுக்கு முன்னால் பத்து மாத்திரை. வெறும் கைதட்டல் வேண்டும் என்றால் பதினாறு மாத்திரைத் தீன்தாலிலேயே ஓட்டியிருக்கலாம்.

1968ல் ஜாஸ் டிரம்மர் படி ரிச்சுடன் ஒரு தட்டு போட்டார். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, இருவரும் மரியாதையாக விலகி விலகி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் அட்டையில் இருக்கிற பெயர்கள் இரண்டும் தாள வாத்தியக்காரர்களுடையவை. அந்த வருஷத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.


புதுக்கேள்வி எழுதியது:

அண்ணன்களுக்கு வணக்கம், நான் இந்தப் பக்கம் புதுசு. ஜாகிர் உசேன் வீடியோக்கள் பார்த்துத்தான் தபலா மேல் ஆசை வந்தது. ஏக்தால், ஜப்தால், தீன்தால் என்கிறீர்கள், எல்லாம் தாளம் என்று புரிகிறது. ஆனால் ஒரே சொல் மூன்று தடவை வந்து டக்கென்று முடிகிறது, உடனே எல்லாரும் ஆஹா என்கிறார்கள். அது என்ன, அது முன்னாடியே எழுதி வைத்ததா, அந்த நேரத்தில் போடுவதா?


தனியாவர்த்தனம் எழுதியது:

தம்பி, அதற்குத் திஹாய் என்று பெயர். நம் பக்கம் மோரா, கோர்வை முடிப்பு எல்லாம் அதே குடும்பம்தான். ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, மூன்றாவதின் கடைசி அடி தாளத்தின் முதல் அடியில், அதாவது சமத்தில், விழ வேண்டும்.

கையில் எண்ணிப் பாருங்கள். தீன்தால் பதினாறு மாத்திரை. அடுத்த சமம் என்பது பதினேழாவது எண். "திட கத கதி கன தா", இது ஐந்து மாத்திரை, ஒவ்வொரு ஜோடியும் ஒரு மாத்திரை, தா தனியாக ஒன்று. அப்புறம் ஒரு மாத்திரை மௌனம். மறுபடி ஐந்து, மறுபடி ஒரு மௌனம், மறுபடி ஐந்து. மொத்தம் பதினேழு. சமத்தில் தொடங்கினால் மூன்றாவது தா அடுத்த சமத்தில் நச்சென்று உட்காரும். லயப்பித்தன் சொன்ன ஜப்தாலுக்கு மூன்று மாத்திரைச் சொல்லும் ஒரு மாத்திரை இடைவெளியும் வைத்தால் பதினொன்று, அதுவும் சமம்.

இது அரிச்சுவடி. எழுதி வைத்துப் பாடம் பண்ணியதும் இருக்கும், கை பழகிய பிறகு அந்த நிமிஷத்தில் போடுவதும் இருக்கும். அல்லா ரக்கா செய்தது என்னவென்றால், சொல்லையே ஒரு பெரிய திஹாயாக்கி, அந்தத் திஹாயை மூன்று தடவை வாசிப்பது. ஒன்பது தா. சக்ரதார் என்பார்கள். அதிலும் முழு எண்ணில் நிற்காமல் அரை, முக்கால் மாத்திரையில் ஆரம்பித்து, கேட்கிறவன் தப்பிப் போய்விட்டார் என்று நினைக்கிற நேரத்தில் வந்து சமத்தில் விழுவது. இதை நான் குறை சொல்லவே இல்லை. கணக்கில் அவர் அசகாய சூரர். என் கேள்வி அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான்.


சித்ரா_டக்கா எழுதியது:

தனியாவர்த்தனம் அண்ணா, எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று சொன்னால் பஞ்சாப்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நான் தபலா கற்றுக்கொண்டிருக்கிறேன், வகுப்பில் கேட்டதையும் தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

பஞ்சாப் கரானா பக்வாஜ் என்ற இரட்டை முக முரசிலிருந்து வந்தது. தில்லி கரானா இரண்டு விரலின் நளினம், காயதாவை (ஒரு அடிப்படைச் சொற்கட்டு) எடுத்துப் பிரித்துப் பிரித்து மெதுவாக வளர்ப்பது. பஞ்சாபில் நீளமான கத் (முன்பே அமைத்த தபலா உருப்படி), முழுக்கை அடி, வினோதமான கணக்கு. மியான் காதிர் பக்ஷின் அப்பா ஃபகீர் பக்ஷ் காலத்திலிருந்தே அந்தப் பெயர் அவர்களுக்கு உண்டு. இன்னொன்று கேளுங்கள். பழைய பஞ்சாபில் இடது கை முரசில் இப்போது இருக்கிற கறுப்பு வட்டம் கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்து அப்பி வாசித்து, முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். உங்கள் மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ரவை அப்புகிறீர்களே, அதேதான். பக்வாஜும் அப்படித்தான். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மூதாதை முரசுகளின் வழி வந்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், யார் யாரிடமிருந்து எடுத்தது என்ற வழக்கு தீராது.

பிரிவினையில் அந்த கரானாவே இரண்டாகிவிட்டது. குரு காதிர் பக்ஷ் லாகூரில், சீடர் பம்பாயில். அந்தப் பக்கம் ஷௌகத் உசேன் கான் கரானாவைத் தாங்கினார், 1996ல் மறைந்தார். ஒரே குருவின் இரண்டு சீடர்கள், இரண்டு நாடுகள். ஷௌகத் உசேனைக் கேட்காமல் அல்லா ரக்காவின் கணக்கில் எவ்வளவு கரானாவுடையது, எவ்வளவு அவருடையது என்று சொல்லவே முடியாது. நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்புறம் இந்த இழையில் யாரும் சொல்லாதது. அனுராதா பாலுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், மகன் ஜாகிரும் ஒருவர். பெண் பிள்ளை தபலாவா என்று முகம் சுளித்த காலம் ரொம்பத் தொலைவில் இல்லை. எனக்கே உறவில் ஒருவர், கை விரல் தடித்துவிடும் என்று அறிவுரை சொன்னார். தடிக்கத்தான் தடித்தது.


மாட்டுங்காமணி எழுதியது:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எல்லாரையும்விட எனக்கு ஒரு வசதி, பிப்ரவரி 3 ஆனால் ஷண்முகானந்தா ஹாலுக்கு நடந்தே போய்விடலாம்.

தெரியாதவர்களுக்கு: அது அல்லா ரக்காவின் நினைவு நாள். ஜாகிர் இருந்த வரைக்கும் அவர் அதை ஒரு திருவிழா மாதிரி நடத்தினார். விடிகாலையில் ஆரம்பித்து ராத்திரி வரைக்கும். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்கள், அப்புறம் வடக்கு, தெற்கு, ஆப்பிரிக்க முரசு, ஜாஸ் டிரம்ஸ் என்று யார் யாரோ வருவார்கள். மிருதங்கமும் கடமும் இல்லாத வருஷம் எனக்கு நினைவில்லை. நம்மவர்கள் கட்டிய சபா ஹாலில் ஒரு பஞ்சாப் கரானா உஸ்தாதின் திதி நடக்கிறது, இடைவேளையில் ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே குஜராத்திக் குடும்பங்கள் திஹாயை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது.

அவருடைய முடிவு ரொம்பக் கொடுமை. 2000ம் வருஷம், கண்புரை அறுவை சிகிச்சையின்போது மகள் ஒருத்தி இறந்துபோனாள். அந்தச் செய்தி தெரிந்த பிறகு மாரடைப்பு. பிப்ரவரி 3. எண்பது வயது.

ரவிசங்கரின் நிழல் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு பக்கம். அவரே மும்பையில் தபலாவுக்கென்று பள்ளி தொடங்கிக் கற்றுக்கொடுத்தார். யோகேஷ் சம்சி அவரிடம் வளர்ந்தவர்தான். சம்சியின் தனி வாசிப்பைக் கேட்டால் குரு தெரிவார், ஜாகிரிடம் தெரியாத ஒரு குரு. ஜாகிர் உலகம் முழுக்கப் போய் எதையெதையோ சேர்த்துக்கொண்டார். சம்சியிடம் அந்தப் பழைய கத்கள் அப்படியே வரும்.


பனாரஸ்பான் எழுதியது:

மணி சார் சொன்ன கடைசி விஷயம்தான் எனக்கும் முக்கியம். ஜாகிரை வைத்து அல்லா ரக்காவை அளக்கிறோம், அது இரண்டு பேருக்கும் அநியாயம்.

ஆனாலும் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு மோகம் தபலாவுக்கு நல்லது மட்டும் செய்யவில்லை. இன்றைக்கு மேடையேறுகிற பிள்ளைகள் எல்லாம் ஒன்பதரை மாத்திரை, பதினொன்றே கால் மாத்திரை என்று வித்தை காட்டுகிறார்கள், ஒரு டேக்காவை அழகாகப் போடச் சொன்னால் தடுமாறுகிறார்கள். நா, தின், தா மூன்றும் மூன்று விதமாகக் கேட்க வேண்டாமா? ஓரத்தில் அடிக்கிற நாவுக்கும் உள்ளே அடிக்கிற தின்னுக்கும் வித்தியாசமே இல்லாமல் மெஷின் மாதிரி ஓட்டுகிறார்கள். இதை அல்லா ரக்கா செய்யவில்லை, அவருடைய டக்கா (இடது கை முரசு) பேசும், மறுக்கவில்லை. ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் இதெல்லாம் வந்தது.


லயப்பித்தன் எழுதியது:

அந்தப் பழியை அவர் மேல் போடாதீர்கள். இதே ஆள் பாடகர் படே குலாம் அலி கானுக்கும் பக்கவாத்தியம் வாசித்தவர், அலி அக்பர் கானுக்கும் சிதார் விலாயத் கானுக்கும் வாசித்தவர். அங்கெல்லாம் டேக்கா சரியில்லை என்றால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஜாகிர் பல பேட்டிகளில் சொன்னதைப் பாருங்கள். சின்ன வயதில் விடியுமுன் எழுப்பி உட்கார வைத்து, தபலாவைத் தொடவிடாமல், வாயாலேயே சொற்கட்டுகளைச் சொல்லவைத்துப் பாடம் நடக்கும் என்றார். பழைய உஸ்தாதுகளின் கதைகளும் அதோடு சேர்ந்து வரும். பிறந்த குழந்தையின் காதில் பிரார்த்தனை சொல்ல வேண்டிய இடத்தில் அப்பா சொன்னதே தபலாச் சொல்தான் என்ற கதையும் அவர் சொன்னதுதான். மனைவிக்குக் கோபமாம். இதுதான் என் பிரார்த்தனை என்றாராம். இப்படிச் சொல்லிச் சொல்லி வந்த வாசிப்பு, அதனால்தான் எந்த வேகத்திலும் சொல் தெளிவாகக் கேட்கும். இப்போதைய பிள்ளைகள் வீடியோ பார்த்து விரலை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?

1970ல் உடம்பு சரியில்லாத அப்பாவுக்குப் பதிலாக நியூயார்க்கில் ரவிசங்கருடன் உட்கார்ந்தபோது ஜாகிருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த மேடையில் அவர் வெறும் டேக்காவோடு தப்பித்திருக்க முடியாது. அந்த இடத்துக்கு யார் வந்தாலும் தனியாக வாசித்தே ஆக வேண்டும் என்று அப்பா ஏற்கெனவே வழக்கமாக்கி வைத்திருந்தார். நான் முதலில் சொன்னது இதைத்தான்.


தனியாவர்த்தனம் எழுதியது:

சித்ரா சொன்ன தொப்பி விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை, நல்ல அடி. ஆனால் வழக்கை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன்.

பாலக்காடு ரகு. ரங்கூனில் பிறந்து, கணிதம் படித்து, பாலக்காடு மணி ஐயரிடம் மிருதங்கம் கற்றவர். அறுபதுகளில் ரவிசங்கர் குழுவோடு வெளிநாடு போனார், 1968ல் ரவிசங்கர் பெரிய குழுவாகச் சேர்த்துப் போட்ட தட்டில் இவர் மிருதங்கமும் அல்லா ரக்காவின் தபலாவும் ஒன்றாக இருக்கின்றன. அவ்வளவு நாள் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு கணக்குப் புலிகள் ஒன்றும் பேசிக்கொள்ளாமலா இருந்திருப்பார்கள்? இது என் ஊகம், ஆவணம் கேட்காதீர்கள். ஆனால் அடுத்த தலைமுறையில் ஜாகிரும் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் சக்தி என்ற இசைக் குழுவில் ஏதோ கூடப் பிறந்தவர்கள் மாதிரி வாசித்தார்களே, அதற்கான நிலத்தை அப்பாக்கள் காலத்திலேயே உழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் லயப்பித்தன் கட்சிக்கு நான் பாதி வந்துவிட்டேன். மீதிப் பாதி வராது.


பனாரஸ்பான் எழுதியது:

நான் கால்வாசி. திரக்வாவுக்கு ஒரு தனி இழை போடுவதாக ஒத்துக்கொண்டால் அரைக்கால் கூட்டித் தருகிறேன்.


புதுக்கேள்வி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதினேழு எண்ணிப் பார்த்தேன், வந்துவிட்டது, ஆனால் நடுவில் அந்த மௌனத்தில் கை தானாக அடித்துவிடுகிறது. அல்லா ரக்காவை எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?


ரேடியோகாரர் எழுதியது:

மௌனத்தில் எல்லாருக்கும் கை போகும் தம்பி, வாயால் சொல்லிக்கொண்டே எண்ணுங்கள், சரியாகிவிடும்.

வேகமானவற்றில் ஆரம்பிக்காதீர்கள். மான்டரே தட்டில் முதலில் பீம்பலாசியை முழுசாகக் கேளுங்கள். ஆலாபனை நேரம் முழுக்க அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார், தபலா ரொம்ப நேரம் கழித்துத்தான் நுழையும். நுழைகிற அந்த இடத்தைக் கவனியுங்கள். அப்புறம் ஏக்தால் தனி, பன்னிரண்டு எண்ணிக்கொண்டே. முதலில் விட்டுப் போகும், பரவாயில்லை, சமத்தை மட்டும் பிடியுங்கள். அது முடிந்து ஒரு மாறுதலுக்கு பேவஃபா பாட்டு.


சித்ரா_டக்கா எழுதியது:

அதோடு ஷௌகத் உசேன் கானின் தீன்தால் தனி ஒன்று. பக்கத்தில் பக்கமாக வைத்துக் கேட்டுவிட்டு, எங்கே இருவரும் ஒன்று, எங்கே பிரிகிறார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள். பனாரஸ்பான் அண்ணாவோடு அடுத்த சண்டைக்கு அது தேவைப்படும்.